முடிச்சு தெரிகிற படம்

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிற கடிதம். இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று எழுதப் போனாள், அப்படி எழுதாதே, நலமாக இருக்கிறானா என்று கேட்டு எழுது என்றேன். போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாத்திரையை மட்டும் நான் எதிரில் நின்றால்தான் விழுங்குகிறாள். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன் என்று சொல்லியே குழாய்க்காரர் மழைக்காலத்தைத் தாண்டிவிட்டார். தங்கைக்குத் தையல் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அதை முதலில் சொல்லவில்லை என்று என்னை முறைத்துக்கொண்டே எழுதுகிறாள்.

நீ அனுப்பிய படம் வந்தது. தானியக் குதிருக்குள் கோதுமை மேல் நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிற படம். அம்மா அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கி வந்துவிட்டாள். எதிர் வீட்டு டிரைவர் பார்த்துவிட்டு, பையன் மலையைப் பிடிச்ச மாதிரி நிக்கிறான்யா என்றார். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தேன். இடுப்பில் கயிறு இல்லை. தங்கையிடம் போனை வாங்கிப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். மேலேயிருந்து வருகிற கயிறு, உனக்குப் பின்னால் கோதுமையில் குத்தி நிற்கிற கடப்பாறையில் கட்டியிருக்கிறது. 

அணில் என்று எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவன் ஏணி ஏறுகிற வேகத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒன்றாகவே குதிர் வேலைக்கும் சேர்ந்தோம். அவனைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தான். சட்டை தைத்து வந்தது, போட ஆள் இல்லை.

ஈரம் பட்ட கோதுமை மேலே இறுகிக் கட்டியாகிவிடும் என்பது உனக்கே தெரியும். பார்த்தால் தரை மாதிரி இருக்கும். அடியில் கதவைத் திறந்து, கோதுமையை வெளியே கொண்டுபோகிற பெல்ட்டை ஓட்டினால் கீழே உள்ளதெல்லாம் போய்விடும், மேலே ஓடு மட்டும் நிற்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. அதை உடைக்க ஒருத்தன் கயிறு கட்டி இறங்க வேண்டும். ஓடு உடைந்து ஆள் கோதுமைக்குள் புதைந்தால் இழுத்தெடுக்கத்தான் அந்தக் கயிறு. கயிறு காலைச் சுற்றும், வேலை ஓடாது. அதனால் இறங்கியதும் அவிழ்த்து, குத்தி நிறுத்திய இன்னொரு கடப்பாறையில் கட்டிவிடுவோம், எல்லோரும் செய்ததுதான். மேஸ்திரி மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் தூசியில் ஆள் தெரியாது, கயிறு விறைப்பாக இருப்பது மட்டும் தெரியும். கயிறு கட்டி இறக்க நான் என்ன தண்ணிக் குடமாடா என்று கேட்பான் அணில். அவன்தான் வேகமான ஆள் என்று மேஸ்திரி எல்லோரிடமும் சொல்வார். உன்னையும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள் என்று போன தடவை சொன்னாயே ராசா.

அவன் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு நான் கீழே பெல்ட்டில் நின்றேன். கோதுமை வருவது நின்றுபோயிருந்தது, அவன் மேலே குத்துகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. பிறகு சத்தம் நின்றது, கோதுமை குபுகுபுவென்று கொட்டியது. உடைச்சிட்டான்டா அணிலு என்று நாங்கள் விசில் அடித்தோம். அந்த விசிலை விடாமல் எழுது என்று இவளிடம் இரண்டு தடவை சொன்னேன். கொட்டியது சன்னமானது, ஒற்றைச் செருப்பு ஒன்று பெல்ட்டில் வந்தது, அத்தோடு எல்லாம் நின்றது. மேஸ்திரி அதற்கு முன்பே எட்டிப் பார்த்திருக்கிறார், கயிறு விறைப்பாக இருக்கிறது, ஆள் உட்கார்ந்திருப்பான் என்று டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் ஏணியில் ஓடி ஏறி நாலு பேராகக் கயிற்றை இழுத்தோம். கனமாகத்தான் வந்தது. அந்தக் கனத்தை நம்பி இழுத்தோம். வந்தது கடப்பாறை.

கயிற்றைக் கடப்பாறையில் கட்டுகிற இந்த வித்தையை உனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். குதிர் இருக்கிற இடத்திலெல்லாம் இந்தப் புத்தி தானாக முளைக்கும். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டு, மெதுவாக வேலை செய்கிறான் என்று திட்டினால் திட்டு வாங்கிக்கொள். அடியில் பெல்ட் ஓடும்போது எவன் சொன்னாலும் இறங்காதே. அடைத்த கோதுமை திடீரென்று கொட்டினால் சந்தோஷப்படாதே.

அணில் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் இருந்தது, ஏணி உச்சியில் ஒரு கையை விட்டுவிட்டுச் சிரிக்கிற படம். துடைத்துத் துடைத்து அவன் அம்மாவின் கை காய்த்துப்போனது. உன் படத்தை மாட்ட ஆணி அடித்துத் தரச் சொல்லி உன் அம்மா தினமும் கேட்கிறாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. சுத்தியலைக் காணோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

நீ தலை நரைத்து, பல் கொட்டி, என்னைப் போல முணுமுணுக்கிற கிழவனாக ஆக வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் வேறு ஒரு படம் எடுத்து அனுப்பு, மறந்துவிடாதே. சிரிக்க வேண்டாம், கையை விரிக்க வேண்டாம். இடுப்பில் முடிச்சு தெரிந்தால் போதும். அது வருகிற அன்றைக்குச் சுத்தியல் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கீழே இருப்பது என் பெருவிரல் ரேகைதான், இவள் விரல் இல்லை)