பூச்சி அரிச்ச இலை சாமிக்கு ஆகாது

திருவண்ணாமலை
20.11.2001

என் கண்ணு எழிலுக்கு,

அம்மா ஆசையோட எழுதறது. இங்க நான், அப்பா, எதிர்ல மலை, எல்லாரும் சௌக்கியம். நீயும் டொரண்டோல சௌக்கியம்னு ஞாயித்துக்கிழமை ஃபோன்ல சொல்ற, ஆனா எனக்கு மனசு கேக்கல, அப்பாவ பக்கத்துல வெச்சுக்கிட்டு கேக்க முடியாதத இதுல கேக்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி காலேஜ் கதையக் கேளு. பாட்டனி, ஜுவாலஜி பிள்ளைங்களுக்குப் புதுசா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் வருது, பாடத்திட்டம் எழுதற வேலைய என் தலையில கட்டிட்டாங்க. கணக்குக்குப் பயந்து செடி கொடி படிக்க வந்த பசங்க, ஃபார்முலாவ எழுதினாலே மொகம் செத்துடுது. சரி, வெளிய போலாம்னு அடி அண்ணாமலை பக்கம் கூட்டிட்டுப் போனேன், மழை விட்டு மலை பாதி மேகத்துக்குள்ள கெடந்துது, கனாவுல நடக்கற மாதிரியே இருந்துது. ஒரு வில்வ மரத்தடியில நிறுத்தி, பாக்காம கைக்கு வந்த இலையப் பறிச்சு அளங்கன்னேன். கிளாஸுக்கு வந்து பாத்தா எல்லாம் முழு இலை, ஒண்ணுல கூட பூச்சிக் கடி இல்ல, கிழிசல் இல்ல. அந்த மரமோ பாதிக்கு மேல பூச்சி அரிச்ச மரம். எப்படி இதுன்னு கேட்டா, குருக்கள் வீட்டுப் பொண்ணு வித்யாலக்ஷ்மி, "ஓட்டை இலைய எப்படி மேடம் பறிக்கறது, சாமிக்கு ஆகாதே"ன்னா. வெவசாயி வீட்டு வேடியப்பனும் அதேதான் பண்ணியிருக்கான். பூஜைக்குப் பறிச்சுப் பழகின கை தானா ஒதுக்கிடுது, அதுங்களுக்கே தெரியல. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஃபார்முலாவ எல்லாம் பின்னால தள்ளிட்டு, நல்லதாப் பொறுக்கின இலைய வெச்சு மரம் எப்படின்னு சொல்ல முடியாதுன்னு இதையே முதல் பாடமா வெச்சுட்டேன். இதெல்லாம் ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸானு மீட்டிங்ல ஒருத்தர் மூக்கால அழுதார், அழட்டும்.

அன்னிக்கு சாயந்தரம் வேங்கிக்கால்ல பஸ்ஸுக்கு நிக்கறேன், தூறல், மலையே தெரியல, எங்க நிக்கறேன்னும் தோணல, உன் குரல் மட்டும் காதுல கேட்டுட்டே இருந்துது. பனி பெய்யுதும்மா, புது சோபா வாங்கியிருக்கேன், ஆபீஸ்ல நல்ல பேருன்னு எல்லாம் சொல்ற. ஆடிக்கப்புறம் மாப்பிள்ளை பேச்ச மட்டும் நீயா எடுக்கவே இல்ல. நான் கேட்டா தூங்கறார்ங்கற. எப்பக் கேட்டாலும் ஒரு மனுஷன் தூங்குவாரா எழில்? சாமிக்குத்தான் நல்லதாப் பொறுக்கிக் குடுக்கணும், எனக்கு எதுக்குடி?

அவரோட ஒத்து வரலைன்னாலும் சொல்லு, ஒண்டியா இருந்தாலும் சொல்லு. எனக்கு பயமா இருக்கு, ஆனா தெரியாம இருக்கறதுதான் ஜாஸ்தி பயம். கெளம்பி வரணும்னு தோணினா வந்துடு, காரணம் வேணாம், அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.

அண்ணாமலையார் உனக்குத் தொணையா இருக்கட்டும். குளிருக்கு நல்லா போத்திக்கோ, வேளைக்குச் சாப்பிடு. இந்த லெட்டர் கெடச்சதும் வர்ற ஞாயித்துக்கிழமை அப்பா கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து ஃபோன் பண்ணு. நீ ஒண்ணும் பேசாம அழுதாலும் பரவால்ல, நான் ஃபோன வெக்க மாட்டேன்.

உன் அம்மா
பாஞ்சாலை