மாலினி எழுதிக் கொடுத்த தேதி

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர். டிராம்பே பஸ் முக்கால் மணி தாமதம்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நோட்டிலாவது எழுதுகிறேன்.

டிராம்பே தொழிற்சாலைக்கு நாங்கள் கட்டும் பம்ப் ஹவுஸ். ஆறு பெரிய வால்வுகள் கோவையிலிருந்து வர வேண்டும். புதிய குழாயைப் பழையதோடு இணைக்கத் தொழிற்சாலையை இந்தச் சனி, ஞாயிறு மட்டும் நிறுத்தித் தருகிறார்கள். விட்டால் தீபாவளிக்குத்தான். கிரேனுக்குச் சொல்லியாயிற்று. வால்வுகள் கோவையை விட்டுக் கிளம்பவே இல்லை.

மீட்டிங்கில் எங்கள் கொள்முதல் துறைத் தலைவர் சேஷாத்ரி (எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவர், வேறென்ன சொல்ல): "சைட்லேர்ந்து தேதி சரியா வரலை."

சைட் இன்ஜினியர் மாலினி எழுந்து நின்றுவிட்டாள். செம்பூர்ப் பெண், சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. "வால்வு ஜூன் பதினாலுக்கு வேணும்னு எழுதிக் கொடுத்தேன் சார். பக்கத்துலயே 'இது நிஜமான தேதி'ன்னும் எழுதினேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறா."

சிரிப்பு. மார்ச்சில் அந்தத் தாள் வந்தபோதும் சிரித்தோம். நானும்தான்.

இந்த மாதக் கடைசியில் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

வாங்க வேண்டியது: கறிவேப்பிலை, சேப்பங்கிழங்கு, குடைக்குக் கம்பி.

எங்கள் வழக்கம் இது. சைட்காரர்கள் பயத்தில் தேவைக்கு மூன்று வாரம் முன்னதாகத் தேதி போடுவார்கள். அது எங்களுக்குத் தெரியும், ஆகவே ஆர்டரில் இருபத்தொரு நாள் தள்ளிப் போடுவோம். தள்ளுவோம் என்று அவர்களுக்கும் தெரியும். இரண்டு பொய்யும் சேர்ந்து சாமான் சரியான நாளில் வந்து இறங்கும். பல வருஷம் பிசகாமல் நடந்தது. உள்ளதை உள்ளபடி எழுத ஒருத்தி வருவாள் என்று யார் நினைத்தார்கள்? அவளுடைய ஜூன் 14, ஆர்டரில் ஜூலை 5.

இருபத்தொன்று என்ற கணக்கு என்னுடையது. சே. (சேஷாத்ரிதான்) அதைத் தன்னுடையதாகச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மறக்கவில்லை.

மத்தியானம் கோவைக்கு போன். அனுப்பும் பிரிவில் பழனிச்சாமி, பல வருஷப் பழக்கம்.

"வால்வு ரெடிதானுங்க. டெஸ்ட்டும் முடிஞ்சுது. ஆர்டர்ல ஜூலைன்னு இருக்குதேன்னு பெயிண்ட் மட்டும் அடிக்காம வெச்சிருக்கோமுங்க."

"பெயிண்ட் இங்கே அடிச்சுக்கறோம். இன்னிக்கே லாரில ஏத்துங்க."

"எழுத்துல ஒண்ணு குடுத்துருங்க சார். நாளைக்கு யாரும் கேக்கப்படாதுங்க."

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சே.-யிடம் பிறகு சொன்னேன். "பேஷ்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

மழை. லாரி இன்னும் பெல்காமைத் தாண்டவில்லை என்கிறான் டிரைவர்.

மாலினி என் மேஜைக்கு வந்தாள். "சார், லாரி வெள்ளிக்கிழமை வருமா? பக்கா? இல்ல, இதுவும் நம்ம ஆபீஸ் தேதியா?"

கோபம் வரவில்லை. சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

காலை பதினொன்றுக்கு டிராம்பேயில் லாரி. ஸ்டோர்கீப்பர் எசக்கி, தாராவிக்காரர், தார்ப்பாயைத் தூக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"ஆறும் வந்துட்டு சார். ஆனா எல்லாம் அம்மணமால்லா நிக்கு!"

"பெயிண்ட் அடிக்கலை, அவ்வளவுதான்."

"அப்பம் மொதல்ல ஷெட்டுக்குள்ள தள்ளுதேன். மழையில நின்னா துரு ஏறிரும்லா."

மனசுக்கு நிறைவான நாள். மதியச் சாப்பாடு மறந்தேபோயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டு நாளும் சைட்டில். எனக்கு அங்கே வேலையில்லை, போனேன். நேற்று நான்கு வால்வு, இன்று இரண்டு. கடைசி போல்ட் சாயங்காலம் நாலேகாலுக்கு. தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு கசிவில்லை. மாலினி தலை முதல் கால் வரை நனைந்து, எல்லோருக்கும் வடாபாவ் வாங்கி வந்தாள். நான் இரண்டு. வயிறு ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 23, திங்கள்

பூனா தலைமை அலுவலகத்துக்கு சே.-யின் அறிக்கை. "சைட் தந்த தேதியில் குழப்பம் இருந்தும் கொள்முதல் துறை சமாளித்தது." என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது கடைசி வரி: மாலினியை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளி வைக்கப் பரிந்துரை.

லிஃப்ட் அருகே அவளைப் பார்த்தேன். "ஜானே தோ சார், விடுங்க. அடுத்த தடவை நானும் மூணு வாரம் முன்னாடியே போட்டுடறேன்."

அழுதிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஜூன் 24, செவ்வாய்

லீவு. பூனா டைரக்டருக்குக் கடிதம். நான்கு பக்கம், ஒரே மூச்சில். மனைவி கோமதியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஏன்னா, நாலு பக்கத்துல மூணேமுக்கால் பக்கம் சேஷாத்ரி. அந்தப் பொண்ணு எங்கே?"

"கடைசியில வரா."

"அதுக்குள்ள படிக்கறவா தூங்கிடுவா. நீங்க எழுதினதுன்னு தெரிஞ்சா வயித்தெரிச்சல்னு தூக்கி வேற போட்டுடுவா. உங்க வயித்தெரிச்சல் பூனா வரைக்கும் பிரசித்தம்."

கோபித்துக்கொண்டு மாட்டுங்கா மார்க்கெட்டை மூன்று சுற்று. காபிப் பொடி அரைக் கிலோ. வீட்டுக்குத் திரும்பும்போது கோபம் போய்விட்டிருந்தது. அவள் சொன்னது போகவில்லை.

ஜூன் 25, புதன்

மழை விட்டு வெயில். நல்ல காபி.

திரும்ப எழுதினேன். மாலினி கேட்ட தேதி. நாங்கள் ஆர்டரில் போட்ட தேதி. இருபத்தொரு நாள் தள்ளும் வழக்கம் எங்கள் துறையுடையது, அவளிடம் யாரும் சொல்லவில்லை. 'இது நிஜமான தேதி' என்று அவள் எழுதியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். ஆறு வரி. அவள் எழுதிய தாள், எங்கள் ஆர்டர், இரண்டின் நகலும் கூடவே. சே. பெயர் எங்கும் இல்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

கீழே என் பெயரை எழுதி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது இருந்தால் அவர்கள் என்னைப் படிப்பார்கள். தேதியைப் படிக்க மாட்டார்கள்.

வேறு தாளில் நகல் எடுத்தாயிற்று, ஆறு வரியோடு நிறுத்தி. நாளைக் காலை பத்து மணிக்குத் தபாலில் சேர்க்கிறேன், பெயர் போடாமல்.