வயலில் இறங்கிய பனி

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

முசரவாக்கம் வயல் படம் இன்றைக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் பச்சையைக் கலப்பதே இல்லை. நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி வைப்பேன். தள்ளி நின்று பார்க்கிறவர்களின் கண்ணே இரண்டையும் சேர்த்துப் பச்சை ஆக்கிக்கொள்ளும். வைக்கிற இடம் தப்பாமல் இருக்க இடது கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம்.

சாயங்காலம் டீ கொண்டுவந்த என் மனைவி செல்வி கதவுகிட்டவே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க, இந்தப் பக்கம் வயலெல்லாம் வெளுத்துப் போயிருக்குது? பனியா?"

"பனிதான்" என்றேன்.

"அழகா இருக்குது" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பாதி வயலில் மஞ்சளே இல்லை, வெள்ளைப் புள்ளிதான். வர்ணத் தட்டில் மஞ்சள் வைத்தது வைத்தபடி இருந்தது, வெள்ளை முக்கால்வாசி தீர்ந்திருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு தட்டைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வெள்ளை.

அப்பாவுக்குப் பார்வை போனதும் முதலில் ஒரு கண்ணில்தான் ஆரம்பித்தது. டாக்டரிடம் போகணும். போனால் அவர் சொல்லிவிடுவார். செல்வியிடம் என்னவென்று சொல்வது?

பக்கத்தில் அவள் தூங்குகிறாள். கழுத்தில் போன வெள்ளிக்கிழமை மாற்றின தாலிக்கயிறு, மஞ்சள் கூட இன்னும் காயாத மாதிரி பளிச்சென்று இருக்கிறது. இடது கண்ணை மூடக்கூடாது, மூடிப் பார்க்கவே கூடாது என்று இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூடிவிட்டேன். வெள்ளைக் கயிறு.