உள்ளங்கையில் போட்ட கோடுகள்

விரல் மரத்த பிறகும் அதே கையால் என் தலையைத் தடவிய அப்பாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நீ வேலை செய்த ஹெப்பகோடி தகரப் பட்டறையில் இன்னொரு கை கிழிந்தது. மஞ்சுளாக்கா கை. அன்று உன் பக்கத்து மெஷினில் நின்றவள், நீ போன பின் அங்கேயே வேலைக்குச் சேர்ந்த என் பக்கத்தில் நின்றாள். உனக்குத் தகரம் வெட்டிய அதே மணிக்கட்டு.

"பக்கத்து கிளினிக்ல தையல் போட்டுட்டு மத்தியானம் வந்துடுங்க" என்றார் சூப்பர்வைசர். உனக்கும் அப்படித்தான் தோலை மட்டும் தைத்து அனுப்பினார்கள். உள்ளே நரம்பு அறுந்ததை யாரும் பார்க்கவில்லை.

உணர்வு இருக்கிறதா என்று பார்க்க நான் அவள் சுண்டுவிரலைப் பிடித்தேன். "கிள்ளிப் பாரேன்டி, சும்மா நிக்கிற" என்றாள்.

"கிள்ளிட்டுதான்க்கா இருக்கேன்."

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். அன்றே நரம்பைத் தைத்தார்கள்.

கட்டுப் பிரித்ததும், உன்னை ஏமாற்றி ஊசி விற்ற அதே ஏஜெண்ட் வந்தான். "ஸ்டெம் செல் ஊசி மேடம், புது நரம்பே முளைக்கும்." அக்கா டாக்டரிடம் கேட்டாள். "நரம்பு வளர அந்த செல்லுங்க உதவுமான்னு ஆராய்ச்சி நடக்குதும்மா. ஒருநாள் உதவலாம். இன்னும் சோதனைதான், வைத்தியம் ஆகல" என்றார்.

இவ்வளவுதானே அப்பா? இதை உனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? ஆராய்ச்சிமேல் எனக்குக் கோபமில்லை. அது முடியுமுன்பே உன் கையில் குத்தி விற்றவர்கள்மேல்தான்.

அறுந்த நரம்பு எதுவரை வளர்ந்திருக்கிறதோ, அதுவரை தட்டினால் சுர்ரென்று இழுக்கும். ஊசிக்குப் பிறகு ஞாயிறுதோறும் நீ அப்படித் தட்டி, உள்ளங்கையில் பேனாவால் கோடு போடுவாய். கோடு விரலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. "வளருது பாரு" என்பாய். ஒருநாள் சூடான டீ பாத்திரம் பட்டு உன் சுண்டுவிரல் கொப்புளித்தது. சுட்டதே தெரியாமல் நீ பேசிக்கொண்டே இருந்தாய். எனக்காகத்தான் கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டாய் என்று அப்போது புரிந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா?

இப்போது அக்கா கண்ணை மூடிக்கொள்ள, நான் தட்டுகிறேன். மூன்று வாரம் கோடு நகரவில்லை. "கொஞ்சம் தள்ளிப் போடேன்டி, வீட்டுக்காரர் பாக்குறாரு" என்றாள். போடவில்லை. போன ஞாயிறு ஒரு நெல்லளவு தானாக நகர்ந்தது. இருவரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நகராத வாரங்கள் இன்னும் வரும். அப்போதும் பழைய கோட்டின் மேலேயே பேனாவை வைப்பேன். அவள் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் பக்கத்தில் அப்படி உட்காரவில்லை அப்பா.

உன் கோடுகளை நம்பிய மகள்,
ஸ்டெல்லா