குப்பண்ணன் சாரும் அனுப்பிரியாவின் சடையும்

அன்புள்ள இந்துவுக்கு,

வடகரப்பதியிலிருந்து கோமதி. இங்கே மாடு கன்றோடு எல்லோரும் சுகம். பூனாவில் உன் வீட்டுக்காரரின் டீக்கடையும் உன் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன?

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அனுப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பெற்றவள் பட்டுச்சேலையோடு மாட்டுக் கொட்டகையில், தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். நாற்பத்தொன்பது வயதில். செவலை மாடு முந்தானையை நக்கி நக்கி ஜரிகையை ஒரு வழி பண்ணிவிட்டது.

காரணத்தைக் கேள். பையன் மீனாட்சிபுரம், சொந்தமாகப் பால் பண்ணை, பார்க்கவும் லட்சணம். அவன் இறங்கினான், அவன் அம்மா இறங்கினாள். அப்புறம் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கியவர் நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் குப்பண்ணன் சார். பையனுக்குத் தாய்வழித் தாத்தாவாம். அவனை வளர்த்ததே அவர்தானாம், இப்போதும் அதே வீடுதானாம். தரகர் இதை முன்பே சொல்லியிருந்தால் அந்த ஜாதகத்தைக் கையால் தொட்டிருப்பேனா?

எங்கள் வீட்டுக்காரர் கொட்டகைக்கு வந்து, “ஏ கோமதி, அவங்க பொண்ணப் பாக்க வந்திருக்கறாங்களா, மாட்டப் பாக்க வந்திருக்கறாங்களா?” என்று இழுத்துக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் சார் என்னைப் பார்த்து, “தலையில வைக்கப்புல்லு ஒட்டியிருக்குதுங்கம்மா” என்றார். அவ்வளவுதான். சம்பந்தியம்மாவாக உட்கார வேண்டியவள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருசம் என்று விசாரித்தார். பால் பொங்குகிறது என்று சொல்லிச் சமையலறைக்கு ஓடினேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒரே ஆச்சரியம். மனிதர் இரண்டு வடை சாப்பிட்டார். இன்னொன்றை எடுக்கலாமா என்று தன் மகளின், அதாவது பையனின் அம்மாவின், முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அனுவைக் கூப்பிட்டு, “அம்முணி, உனக்குப் பையனப் புடிச்சிருக்குதா? உங்கய்யனுக்காகத் தலையாட்டாத” என்று கேட்டார். அந்தக் குரலில் இப்படியும் ஒரு கேள்வி வருமா?

சித்ரா டீச்சரை நினைத்துக்கொண்டேன். அறிவியல் எடுத்தாரே, ஒரு நாள் கை ஓங்கியதில்லை. நம்மைப் பொறுத்தவரை நல்ல டீச்சர் என்றால் அவர்தான். ஆனால் தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். டீச்சரின் சேலைகளைக் கேள், கரையோடு சொல்வேன். அந்த டீச்சர் வீட்டிலிருந்து சம்பந்தம் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லியிருப்பேன். அது சரியா என்றும் இப்போது யோசிக்கிறேன்.

ஆனால் உன் சடையை எப்படி மறப்பது? கணக்கு வரவில்லை என்று ஜன்னல் கம்பியில் உன் சடையைக் கட்டிவைத்த மனிதர். தப்புக்கு ஒரு துண்டு என்று சாக்பீஸ் தின்ன வைத்தவர். நான் முதலில் ஒரு துண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பால் சொசைட்டி வரிசையில் சொல்லிச் சொல்லி இப்போது அரைப் பெட்டி ஆகியிருக்கிறது. நீ எட்டாவதோடு நின்றதற்கும் அவர்தான் காரணம் என்று ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறேன். அதே வாரம் உங்கள் அய்யன் உன்னைத் தறிக்கு அனுப்பியதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வீட்டுக்கு, இடுப்புவரை முடி தொங்குகிற பெண்ணை எப்படி அனுப்புவேன்? அவர் கையில் வளர்ந்த பேரன் நாளைக்கு எப்படி இருப்பான்? வீட்டுக்காரரோ, “அந்தக் காலத்துல எந்த வாத்தியாருதான் அடிக்கல?” என்கிறார். அனு இன்னும் மேலே போய், “நீங்க பயந்த வாத்தியாருக்கு நான் எதுக்குங்கம்மா பயப்படோணும்? நான் கணக்குல பாஸுங்க” என்கிறாள். அவளுக்குப் பையனை ரொம்பவே பிடித்திருக்கிறது. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, போனைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறாள். நான் சரி சொன்னால்தான் வெற்றிலை மாற்றுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

போனில் கேட்டிருப்பேன். உன் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். சில விஷயங்கள் உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும் என்றுதான் கடிதம்.

ஆகவே, இந்து, ஒரே ஒரு வரி எழுது. நீ அன்றைக்கு என்னிடம் சொன்னது நடந்தது நடந்தபடிதான் என்றால், அனு அழுதாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாய் என்றால் அதையும் எழுது. எனக்குக் கோபமே வராது. பதிமூன்று வயதில் தறிக்குப் போகிற பிள்ளை, அய்யனைக் குற்றம் சொல்ல முடியாமல் வேறு யாரையாவது சொல்லியிருந்தால்தான் என்ன? உன் பேரப் பிள்ளைகள் நன்றாகப் படித்து வரட்டும். என் மகளுக்கும் உன் வாயால் ஒரு நல்ல வாக்கு வரட்டும்.

அன்புடன்,
கோமதி

பி.கு.: எந்த பெஞ்சில் உட்கார்ந்து இத்தனை பயந்தேன் என்று வீட்டுக்காரர் நேற்றுக் கேட்டார். மூன்றாவது பெஞ்ச் என்று சொன்னேன், அது பொய்யில்லை. ஆனால் அது எட்டு பி. குப்பண்ணன் சார் உங்கள் ஏ டிவிஷனுக்குத்தான் பாடம் எடுத்தார். எங்கள் வகுப்புக்குள் ஒரு நாள்கூட வந்ததில்லை.