‘இடுப்பு’ செல்லாது

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் தையல் கடைக்கு நான் எழுதும் மென்பொருள் முடிந்தது. அளவுப் பட்டியலில் வேண்டிய நெடுக்குப் பத்திகளை அக்காவே பெயர் வைத்துச் சேர்க்கலாம். பெயரில் எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டும்தான் இருக்கலாம். வேறு எது வந்தாலும் நிரல் வெளியே தள்ளிவிடும். கண்டதையும் தட்டித் தரவுத்தளத்தைக் கவிழ்க்க முடியாது. ஆங்கிலப் பெயர்களைப் போட்டுச் சோதித்தேன். கச்சிதம். எனக்கே என்மேல் கொஞ்சம் கர்வம்.

மார்ச் 5, வியாழன்

அக்கா போன். “டேய், இடுப்புன்னு அடிச்சா ‘செல்லாத பெயர்’ங்குது. கையும் செல்லாதாம். கழுத்தும் செல்லாதாம். ஒடம்புல எதுதான்டா செல்லும்?”

ஆபீசில் தலைக்கு மேல் வேலை. “வேற பேர் ஏதாவது போட்டுப் பாருக்கா” என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 6

அக்கா கூப்பிடவில்லை. சரியாகிவிட்டது போல.

மார்ச் 13, வெள்ளி

சரியாகவில்லை. கடைக்குப் போனபோது துணி வெட்டும் மாஸ்டர் சொன்னார்.

அன்றைக்கு அக்கா வெறுத்துப்போய் “அட” என்று தட்டியிருக்கிறாள். ஏற்றுக்கொண்டதாம்! இடுப்புக்கு அதையே வைத்துவிட்டாள். அடுத்து “அடடா” — செல்லாது. “அடட” — செல்லும். அது கழுத்துக்கு.

பேண்டு வாத்தியக் குழுத் தலைவருக்கு மாதிரியாகத் தைத்த உடுப்பில் மாஸ்டர் இரண்டு அளவையும் மாற்றி வெட்டிவிட்டார். “அடன்னா இடுப்பா, அடடன்னா இடுப்பா, எனக்கென்ன தெரியும்?” என்கிறார். பேண்ட்டில் தலைவரின் தொடைகூட நுழையவில்லை. காலரைத் தூக்கிப் பார்த்து, “இதுக்குள்ள டிரம்மையும் வெச்சுக்கலாம் போலிருக்கே” என்றார். ஞாயிறுவரை பார்ப்பாராம். இல்லையென்றால் மொத்தக் குழுவின் ஆர்டரும் வேறு கடைக்கு.

அக்கா என்னோடு பேசவில்லை. கத்தரிக்கோல் மட்டும் பேசியது.

மார்ச் 14, சனி

கண்டுபிடித்தேன். கொம்பு, கால், புள்ளி — இவையெல்லாம் என் நிரலுக்கு எழுத்தே இல்லை, எழுத்தில் ஒட்டிய வெறும் குறிகள். குறி என்றால் வெளியே! ‘அட’வில் குறி ஒன்றுமில்லை, உள்ளே விட்டது. தமிழில் ஒரே ஒரு சொல்லைச் சோதிக்கத் தோன்றவில்லையா? மண்டையில என்னடா இருக்கு உனக்கு?

திருத்தியது ஒரே வரி. கடைக்குப் போய் எல்லாப் பத்திக்கும் பெயரை மாற்றினேன். மாஸ்டர் புதிதாக வெட்ட ஆரம்பித்தார்.

மார்ச் 15, ஞாயிறு

பொருந்தியது! குழு முழுவதற்கும் ஆர்டர். அக்கா சொன்னாள்: “மசமசன்னு நிக்காத, அந்தப் பட்டனை எடு.” பேசிவிட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

எனக்குச் சட்டை தைக்க அக்கா அளவெடுத்தாள். பிறகு என்னைக் கேட்காமலே புதுப் பத்தி ஒன்றைச் சேர்த்தாள்: “வயிற்றை_உள்ளிழுத்தார்”. நிரல் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

முதல் வரியில் என் பெயர். நேரே: ஆம்.