ஒரு மணி நேரம் உட்காருகிறவர்

1969 செப்டம்பர் 24, புதன்

இன்றும் சோறு ஆறிப்போனது. ஐந்து மணிக்கே வேலை முடிந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்தது ஆறரைக்கு. எங்கே போனீர்கள் என்று கேட்டால், "எங்கியும் போகல அம்மிணி, உக்காந்திருந்தேன்" என்கிறார். சினிமாவுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால்கூட ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருந்தேன் என்கிறவரோடு என்ன சண்டை போடுவது?

இரும்பைப் பற்றவைத்து ஒட்டுகிற வெல்டிங்காரர், ஒட்டியதும் கேஸை மூடிவிட்டு வர வேண்டியதுதானே. இவர் ஒரு முக்காலியைப் போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று எங்கள் கம்பெனியிலேயே அவருக்கு வேலை. தையல் மிஷின் மேடையின் கால் விட்டுப்போயிருந்தது. நான் அங்கேதான் கைமடி வேலை. தையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கிறவள். அவர் வந்ததும் வராததுமாக, "துணி ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாதுங்க" என்றார். நாங்கள் ஏழு பெண்கள் நாற்பது கட்டுத் துணியை அந்தக் கோடிக்குச் சுமந்தோம். உத்திரத்துப் பஞ்சுத் தூசியை விளக்குமாற்றால் தள்ளச் சொன்னார். தரையை நனைக்கச் சொன்னார். எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள், நான் பெற்று வளர்த்தவர் மாதிரி.

வெல்டிங் என்னவோ பத்தே நிமிஷம்தான். பிறகு முக்காலி.

"லிங்கசாமி, முடிஞ்சுதில்ல? எந்திரியப்பா" என்று முதலாளி ரத்தினசாமி இரண்டு தடவை சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரமுங்க" என்று இவர் அசையவேயில்லை. அந்தப் பேரை வாயால் சொல்ல எனக்கு வராது. எழுத வரும். லிங்கசாமி.

அக்டோபர் 4

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவளின் வீட்டுக்காரர் போட்டிருக்கும் பனியனில் இன்று எண்ணினேன், பொறி பட்ட ஓட்டை இருபத்தி மூன்று.

அக்டோபர் 13, திங்கள்

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மண்ணரையில் புது ஷெட் போடுகிறார். கம்பி, பைப், பரண் என்று ஆறு மாதத்துக்கு வெல்டிங் வேலை இருக்கிறது. இவருக்கே கொடுக்க மனசுதானாம். "ஆனா அம்மா, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்தா எனக்கு ஷெட் எப்ப எந்திரிக்கும்? மத்தவன் கால் மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிடறான். நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு" என்றார்.

சொன்னேன். குழம்பு ஊற்றும்போது சொன்னேன், பாய் விரிக்கும்போதும் சொன்னேன். ஊர் ஊராகச் சைக்கிள் மிதிக்க வேண்டாம், தினமும் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாம் என்றேன். எனக்கு அந்த ஆசைதான் பெரிது, மறைப்பானேன்.

அவர் ஒரு கதை சொன்னார். முன்பு வேலை பார்த்த ஒரு மில்லில், வெல்டிங் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு பஞ்சு மூட்டை எரிந்ததாம். "பஞ்சுல உழுந்த பொறி உடனே எரியாது அம்மிணி. உள்ள கெடந்து கனிஞ்சுட்டே இருக்கும். கண்ணாடி போட்டுட்டுப் பத்த வைக்கறவனுக்குப் பொறி எங்க போச்சுன்னு தெரியாது. உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

எனக்கு அப்போது தூக்கம் வந்துவிட்டது.

அக்டோபர் 18, சனி

நாளை ஆயுத பூஜை. கம்பெனி முழுக்கக் கழுவினோம். கத்திரி, ஊசி, நிட்டிங் மிஷின் என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாயிற்று. தீப்பிடித்தால் ஊற்றவென்று வாசலில் தொங்கும் எட்டுச் சிவப்பு வாளிகளையும் நானே இறக்கி, பழைய தண்ணீரைக் கொட்டி, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து உள்ளே பூஜை வரிசையில் அடுக்கினேன். முதலாளி பார்த்துவிட்டு, "வாளிகூடப் பளபளங்குது" என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நாளைக் காலையில் அவருக்கும் அங்கே ஒரு சின்ன வேலை. நூல் மூட்டை வைக்கிற பரணின் கால் ஆடுகிறது, பூஜைக்கு முன்னால் ஒட்ட வேண்டும். முடித்துவிட்டுத் திருமுருகன்பூண்டி கோயிலுக்குப் போகலாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆறு வருஷத்தில் ஒரு பூஜைக்கும் ஒன்றாகப் போனதில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுத முடியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

பரண் மேல் இருந்த மூட்டைகளை இறக்க நேரமில்லாமல் நனைத்த சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் ஒட்டினார். காலை பத்தே முக்காலுக்கு வேலை முடிந்தது. பதினொன்றுக்குப் பூஜை. பூஜை ஆனதும் கதவைப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் வரைக்கும் எந்தக் கருவியையும் யாரும் தொட மாட்டார்கள். எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு கிளம்ப, இவர் மட்டும் முக்காலியில். முதலாளி சாவியோடு நிற்கிறார். "நல்ல நாளும் அதுவுமா ஏம்பா?" என்றார். என்னைப் பார்த்தார்.

நான் போய் அவர் தோளைத் தொட்டேன். "ஏனுங்க, எனக்காக எந்திரிங்க" என்றேன்.

பரணை இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தார். எழுந்துவிட்டார்.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். பூண்டியில் சிலை செதுக்குகிறவர்களின் உளிகூடப் பூ வைத்துக்கொண்டு ஓய்வில் இருந்தது. கோயிலில் எனக்கு மல்லிகை வாங்கிக் கொடுத்தார். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் இருந்ததில்லை. அந்நேரமெல்லாம் அங்கே மூட்டைக்குள்ளே அது கனிஞ்சுட்டே இருந்திருக்கு. நான் சிரிச்சுட்டே வந்தேன். நாந்தானே கூட்டிட்டுப் போனேன்? நாந்தானே?

மூன்று மணிக்குப் புகை வந்திருக்கிறது. ஒன்பது மூட்டை நூல் போயிற்று. அதோடு நின்றதற்குக் காரணம் வாட்ச்மேன் கருப்புசாமி அண்ணன். அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டது.

இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அழுது தீர்த்திருப்பேன். தலையணைப் பக்கம் வாடிக் கிடந்த மல்லிகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தார்.

அக்டோபர் 23, வியாழன்

ஆஸ்பத்திரியில் கருப்புசாமி அண்ணனுக்கு ரசம் சாதம் ஊட்டிவிட்டேன். இரண்டு கையும் கட்டு. கேட்டேன், என்ன ஆச்சுங்கண்ணா என்று.

"கதவ ஒடச்சு உள்ள போயிட்டனுங்க தங்கச்சி. வாளி வரிசையா இருக்குது. பொட்டு வெச்சுப் பூவெல்லாம் போட்டு... பூஜைக்கு வெச்சதத் தொட்டா சாமி குத்தமாயிருமேன்னு ஒரு நிமிசம் நின்னுட்டேன். சரி, முருகன் மன்னிப்பான்னு தூக்கறேன், காத்து மாதிரி இருக்குது. எட்டுலயும் தண்ணி இல்ல. அப்பறந்தான் கையிலயே சாக்க எடுத்து அடிச்சேன்."

அந்த வாளிகளை யார் கவிழ்த்தது என்று அவருக்குத் தெரியாது. சொன்னேன். அவர் கைக்கட்டுகளைப் பார்த்தார். பிறகு, "இன்னொரு வாய் குடுங்க" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

மண்ணரை வேலையை வேறு ஆளுக்குப் பேசுகிறாராம் முதலாளி. "லிங்கசாமி வெச்ச தீ" என்று கம்பெனி முழுக்கச் சொல்கிறார். ஒரு கம்பெனியில் அப்படிச் சொன்னால் ஊரில் எந்தக் கம்பெனியும் இவரை வாசலில் விடாது. இவரோ, "பொறி என்னோடதுதானே அம்மிணி" என்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் முதலாளி அறைக்கே போய்விட்டேன்.

"பூட்டோணும்னு நீங்க சொன்னீங்க. எந்திரிங்கன்னு நான் சொன்னேன். வாளித் தண்ணியக் கொட்டுனதும் நாந்தானுங்க. உக்காந்தே இருக்கோணும்னு சொன்னது அவரு ஒருத்தர்தான். தப்புப் பண்ணுன நம்ம ரெண்டு பேரையும் உட்டுப்போட்டு அவரை மட்டும் சொல்றது நாயமுங்களா?"

முதலாளி மேஜையில் இருந்த பேனாவைத் திறந்தார், மூடினார். நான் வந்துவிட்டேன். நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ.

அக்டோபர் 28

இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

முதலாளி வீட்டுக்கே வந்தார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, "அன்னைக்கு நாந்தான் அவசரப்பட்டேன் லிங்கசாமி. ஷெட்ட நீயே பாத்துக்க. எவ்வளவு நேரம் வேணுமோ உக்காரு" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவர் அப்போதும் உடனே சரி என்று சொல்லாமல், "நான் உக்காந்தாப் பத்தாதுங்க. நான் பத்த வைக்கறப்பவே பொறி எங்க போகுதுன்னு பாக்கக் கம்பெனி ஆள் ஒண்ணு வேணும். வாளியில தண்ணி இருக்குதான்னு தினமும் கைய உட்டுப் பாக்கற ஆளா இருக்கோணும். யார் எந்திரிக்கச் சொன்னாலும் எந்திரிக்கக் கூடாது" என்றார்.

"அப்படி ஆளுக்கு எங்கப்பா போறது?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நல்ல ஆளைப் பிடித்தார் போங்கள்.

1970 பிப்ரவரி 6, வெள்ளி

மண்ணரை ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். முக்காலி, நனைத்த சாக்கு, நிறைந்த வாளி இரண்டு. கண் இங்கே பாதி, அங்கே பாதி. இன்று பைப் தாங்கி நான்கு ஒட்டினார். மூன்றாவதில் ஒரு பொறி துள்ளிச் சுவரோரம் போயிற்று; எழுந்து போய் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வந்தேன்.

கருப்புசாமி அண்ணன் போன வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. மடங்கும் என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொல்கிறார்.

கொஞ்ச நேரத்துக்கு முன் என் வீட்டுக்காரர் முகம் கழுவி, சட்டை மாற்றி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். தலைகூடச் சீவியிருந்தார்.

"வெள்ளிக்கெழம, கோயில்ல கூட்டமாயிரும். போலாமா அம்மிணி?"

"இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்குதுங்க."

சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். ஒரு முக்காலியில் இரண்டு பேர் உட்காருவது கஷ்டம்தான். உட்கார்ந்திருக்கிறோம்.